சித்ர சந்தே: ஒரே நாளில் எப்படிப் பார்ப்பது, எப்படி வாங்குவது

கேள்வி: ஜனவரியில் பெங்களூரில் நடக்கும் சித்ர சந்தேக்கு சேலத்திலிருந்து முதல் முறையாகப் போகிறோம். வயதான அம்மாவும் ஏழு வயது மகளும் கூட வருகிறார்கள். பூஜை அறைக்கு ஒரு தஞ்சாவூர் ஓவியம், ஹாலுக்கு ஒரு படம் வாங்க ஆசை. கையில் 15,000 ரூபாய். எப்படித் திட்டமிடுவது? ஏமாறாமல் வாங்குவது எப்படி? பத்திரமாக ஊருக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்:

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. கன்னடத்தில் 'சந்தே' என்றால் நம்ம சந்தைதான். பெங்களூரின் கலை நிறுவனமான கர்நாடக சித்ரகலா பரிஷத் ஆண்டுக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், தன் வாசலில் ஓடும் குமார கிருபா சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, ஓவியர்களுக்கு இடம் போட்டுக் கொடுக்கிறது. நாடு முழுவதிலிருந்தும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓவியர்கள் வருகிறார்கள். நடைபாதை, சுற்றுச்சுவர், கம்பி, கயிறு என்று எங்கே தொங்கவிட முடியுமோ அங்கெல்லாம் படம். நுழைவுக் கட்டணம் கிடையாது. கேலரியில் கால் வைக்கத் தயங்கும் குடும்பங்களும் ஓவியரோடு நேருக்கு நேர் நின்று பேச முடிகிற இடம் இது. ஓவியம் வாங்கப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் தென்னிந்தியாவில் இல்லை என்பதே என் கருத்து.

முதலில் தேதி. வழக்கமாக ஜனவரியின் முதல் ஞாயிறு. 2024இல் 7ஆம் தேதி, 2025இல் 5ஆம் தேதி. ஆனால் 2023இல் முதல் ஞாயிறு புத்தாண்டு நாளாக அமைந்தது. சந்தே 8ஆம் தேதி நடந்தது. 2021இல் கொரோனா காரணமாக இணையத்தில்தான் நடத்தினார்கள். ஆகவே பஸ் டிக்கெட் எடுக்கும் முன் பரிஷத்தின் அறிவிப்பை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

முடிந்தால் சனிக்கிழமையே போய்த் தங்குங்கள். அம்மாவுக்கு நல்லது என்பதோடு இன்னொரு லாபமும் உண்டு. பரிஷத்தின் அருங்காட்சியகத்தில் மைசூர் மரபு ஓவியங்களும் தோல்பாவைகளும் ரஷ்ய ஓவியர் ரோரிக்கின் ஓவியங்களும் இருக்கின்றன. நல்ல பழைய மைசூர் ஓவியத்தை அரை மணி நேரம் பார்த்த கண்ணுக்கு, மறுநாள் தெருவில் எது மேலோட்டமான வேலை என்று சட்டென்று பிடிபடும்.

ஞாயிறு விடிகாலை நேராக வருவதானால் ஓசூர் ரோட்டில் நகரத்துக்குள் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திராவில் தொடங்குகிறது. பஸ் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறுவதற்கு முன்பே பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோ பிடியுங்கள். ஆர்.வி. ரோடு நிலையத்தில் பச்சைத் தடத்துக்கு மாறி மந்திரி ஸ்கொயர் சம்பிகே ரோடு நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து சேஷாத்ரிபுரம் வழியாகச் சுமார் 2 கிலோமீட்டர். ஆட்டோக்காரரிடம் "சிவானந்தா சர்க்கிள்" என்று சொல்லுங்கள். பரிஷத் வாசல்வரை அன்று வண்டி போகாது. எஃகு மேம்பாலம் தெரிந்தால் இறங்கிவிடலாம். ஞாயிறுகளில் மெட்ரோ 7 மணிக்குத்தான் தொடங்கும். அதற்கு முன் வந்து நிற்பதில் பயனில்லை. கார் என்றால் சேஷாத்ரிபுரம் பக்கமோ மெட்ரோ நிலையம் ஒன்றின் அருகிலோ நிறுத்திவிட்டு வாருங்கள். குமார கிருபா சாலைக்கு அருகில் இடம் தேடிச் சுற்றுவதில் ஒரு மணி நேரம் போய்விடும்.

8 மணி வாக்கில் சாலைக்குள் இருக்கப் பாருங்கள். ஓவியர்கள் இன்னும் ஆணியடித்துக்கொண்டும் கயிறு கட்டிக்கொண்டும் இருப்பார்கள், பரவாயில்லை. அந்த இரண்டு, இரண்டரை மணி நேரம்தான் படத்துக்கு எதிரே நின்று பார்க்க முடிகிற நேரம். 11 மணிக்கு மேல் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். லட்சக்கணக்கில் மக்கள் வரும் நிகழ்ச்சி இது. மாலையில் இன்னும் அதிகம். அம்மாவையும் குழந்தையையும் மதியத்துக்குள் வெளியே கொண்டுவந்துவிடும்படி கணக்குப் போடுங்கள். மடக்கு ஸ்டூல் ஒன்று, தொப்பி, தண்ணீர், மகளின் சட்டைப்பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு. காலையில் ஸ்வெட்டர் கேட்கும் குளிர். 12 மணிக்கு அதே சாலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். கழிவறைக்குப் பரிஷத் வளாகத்துக்குள் போய்விடுவது நல்லது. அம்மா உட்கார மரநிழலும் அங்கே கிடைக்கும்.

எப்படிச் சுற்றுவது? ஒரு முனையில் சிவானந்தா சர்க்கிள், மறுமுனையில் விண்ட்சர் மேனர் ஹோட்டல் பக்கம். ஒரு பக்கச் சுவரை மட்டும் பார்த்தபடி போய், மறுபக்கச் சுவரைப் பார்த்தபடி திரும்புங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனால் பாதி ஸ்டால்கள் கண்ணில் படாமலே போய்விடும். முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள். பிடித்த படத்தை ஓவியரின் அனுமதியோடு போனில் எடுத்து, அடுத்த படமாக அவருடைய ஸ்டால் எண்ணையோ பெயர்ப்பலகையையோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது படம் ரொம்ப முக்கியம். மதியம் கூட்டத்துக்கு நடுவில் "அந்த நீலக் கதவு போட்ட படம் எங்கே?" என்று தேடி அலைகிறவர்கள் எல்லோரும் அதை எடுக்க மறந்தவர்கள்தான். ஒரு விதிவிலக்கு: பார்த்த கணத்திலேயே 'இதுதான்' என்று மூன்று பேருக்கும் தோன்றுகிற படம் இருந்தால் முன்பணம் கொடுத்து நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். ஒரே படம்தான் இருக்கும், திரும்பி வரும்போது இருக்காது.

இனி தஞ்சாவூர் ஓவியம். ஆசைப்பட்டு வாங்கி ஏமாறுவது இதில்தான் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முறையான வேலை இப்படி நடக்கும்: பிளைவுட் பலகையில் துணியை ஒட்டி, சாக் பவுடரும் கோந்தும் கலந்த பூச்சு பூசி, காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்கி, உருவத்தை வரைவார்கள். கற்களைப் பதித்து, அதே சாக் பவுடர், கோந்து கலவையைக் கெட்டியாகக் குழைத்து நகை, தூண், திரை, வளைவு எல்லாம் புடைப்பாக எழுப்புவார்கள். இதற்குத்தான் மக்கு வேலை என்று பெயர். அதன்மேல் தங்கரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தாள், ஒட்டி, பிறகு வண்ணம், கடைசியில் முகம். ஒவ்வொரு கட்டமும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டால் மக்கு வெடிக்கும், ரேக்கு தூக்கிக்கொள்ளும்.

ரேக்கைப் பார்க்கும்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். நல்ல தங்கரேக்கு கொஞ்சம் அடங்கிய, மஞ்சள் கனிந்த நிறமாக இருக்கும். துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவதால் சேரும் இடங்களில் மெல்லிய கோடு தெரியும். அது குறையல்ல, கைவேலையின் அடையாளம். புடைப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ரேக்கு இறங்கி அழுந்தியிருக்கும். போலி ரேக்கு பரிசுப் பொட்டலத் தாள் மாதிரி பளீரென்று முகம் காட்டும், அல்லது செம்பு, எலுமிச்சை நிறம் அடிக்கும். தங்கநிற பெயிண்ட் என்றால் தூரிகைத் தடம் தெரியும், புள்ளிகளின் இடுக்கு அடைந்துபோயிருக்கும். போலி ரேக்கு பெரும்பாலும் பித்தளை வகை. ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் கறுக்கும், பச்சை பூக்கும். சுரண்டிப் பார்ப்பதெல்லாம் வேண்டாம், அது ஓவியருக்குச் செய்யும் அவமரியாதை. 12 × 10 அங்குலப் படம் 800 ரூபாய் என்று யாராவது சொன்னால் அதில் தங்கம் இருக்க வழியில்லை என்ற கணக்கே போதும். அழகுக்காகத் தெரிந்தே வாங்குங்கள், தங்கம் என்று நம்பி வாங்காதீர்கள்.

அடுத்து முகம். போன் கேமராவில் நன்றாகப் பெரிதாக்கி, வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணனின் கண் ஓரத்தைப் பாருங்கள். கையால் வரைந்த இமைக்கோடு தொடங்கும் இடத்தில் சற்றுத் தடித்து, முடியும் இடத்தில் முடிபோல் மெலிந்திருக்கும். கன்னத்தின் நிழல் ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய பூச்சுகளாகப் படிந்திருக்கும். அச்சிட்ட முகமாக இருந்தால் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பொடிப்பொடிப் புள்ளிகள் தெரியும். அச்சுப்படத்தின் மேல் மக்கும் ரேக்கும் ஒட்டி விற்கும் வழக்கம் கடைகளில் இருக்கிறது. அதனால் தெருவானாலும் கேலரியானாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள்.

பலகையைப் பற்றிக் கேளுங்கள். நல்ல வாட்டர் ப்ரூஃப் பிளைவுட் என்றால் சரி. எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) என்றால் ஈரத்தில் உப்பும். மிக மெல்லிய பலகை வளையும். வளைந்தால் மேலே இருக்கும் மக்கு கீறல் விடும். ஏற்கெனவே கண்ணாடி போட்டிருந்தால் படத்தை நிமிர்த்திப் பிடித்து மெதுவாக ஒரு முறை சாய்க்கச் சொல்லுங்கள். உள்ளே 'கலகல' என்றால் கல் உதிர்ந்திருக்கிறது. வேலை முடிந்து எத்தனை நாள் கழித்துக் கண்ணாடி போட்டார்கள் என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. சந்தேக்காக அவசரமாக முடித்து, ஈரம் போகும் முன் மூடிய படத்தில் இரண்டொரு மாதத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். ஃப்ரேம் இல்லாமல் வாங்கி, சேலத்தில் ஒரு மாதம் காற்றாட வைத்துப் பிறகு ஃப்ரேம் போடுவது எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பு. பஸ்ஸில் கண்ணாடி தூக்கிவரும் கவலையும் இல்லை.

பக்கத்திலேயே மைசூர் ஓவியங்களும் இருக்கும். தஞ்சாவூரோடு ஒப்பிட்டால் புடைப்பு மிகக் குறைவு, தங்க ஏடு இன்னும் மெல்லியது, கற்கள் அநேகமாக இல்லை, கோடுகளில்தான் உயிர். உங்கள் பூஜை அறை சிறியது, கிட்டத்தில் நின்று பார்ப்பீர்கள் என்றால் நுட்பமான மைசூர் ஓவியம் ஒன்றையும் யோசித்துப் பாருங்கள். கர்நாடக ஓவியர்களிடம் நேரடியாக வாங்க இது நல்ல வாய்ப்பு.

ஹால் படம். கேன்வாஸ் என்றால் முன்பக்கத்தைப் பார்த்து முடித்ததும் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் காட்டுவார்கள். துணி விறைப்பாக இருக்கிறதா, மூலைகளில் மடிப்பு ஒழுங்கா, மரச்சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று தெரியும். கேன்வாஸில் அச்சடித்து, மேலே கண்ணாடிபோன்ற ஜெல்லைத் தூரிகையால் தீற்றி 'ஒரிஜினல்' ஆக்கும் வேலையும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி: வண்ணம் ஓடும் திசையையும் தூரிகைத் தடம் ஓடும் திசையையும் ஒப்பிடுங்கள். படகின் ஓரத்தில் நீலக்கோடு இடமிருந்து வலம் போகிறது, அதன் மேல் உள்ள தடமோ மேலிருந்து கீழே இறங்குகிறது என்றால் அது அச்சு.

எண்ணெய் வண்ணமா, அக்ரிலிக்கா என்று கேளுங்கள். எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் உள்ளே முழுதாகக் காய 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். டிசம்பரில் முடித்த படம் என்றால் சுருட்டவும் கூடாது, பிளாஸ்டிக் ஒட்டிக் கட்டவும் கூடாது. அக்ரிலிக் சீக்கிரம் காயும், ஆனால் சூட்டில் இளகும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். நீர்வண்ணம் வாங்கினால் ஓவியத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை இருக்கவேண்டும், அதுவும் அமிலமில்லாத அட்டை. கண்ணாடியில் தாள் ஒட்டி நின்றால் ஈரம் கோத்துப் பழுப்புப் புள்ளி விழும்.

கையில் இருக்கும் தொகைக்கு இன்னொரு வழியும் சொல்கிறேன். பலரும் கவனிக்காமல் கடந்து போகிற அச்சோவியங்கள்: மரச்செதுக்கு, எட்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுப்பது), லினோகட் (லினோலியத் தகட்டில் செதுக்கி எடுப்பது). ஓவியரே செதுக்கி, ஓவியரே எடுத்த பிரதிகள் இவை. கீழ் ஓரத்தில் பென்சிலால் 7/30 என்று இருந்தால் முப்பது பிரதிகளில் ஏழாவது என்று பொருள். பக்கத்தில் பென்சில் கையெழுத்து இருக்கும். எட்சிங் என்றால் தகடு அழுந்திய பள்ளம் படத்தைச் சுற்றித் தெரியும். கலைக்கல்லூரி மாணவர்களிடம் இவை அதிகம் கிடைக்கும், விலையும் கைக்கு எட்டும். வீட்டில் வைத்துப் பல வருடம் பார்க்கத் தகுந்த வேலை இந்தப் பகுதியில் நிறைய உண்டு என்பதால் மனமார இதைச் சிபாரிசு செய்கிறேன்.

நாட்டார், மரபு வகைகளில் மதுபனி, வார்லி, கோண்டு, பட்டசித்ரா, கலம்காரி எல்லாம் வரும். பட்டசித்ராவை மடிக்கக் கூடாது. புளியங்கொட்டைப் பசையும் சுண்ணாம்புத் தூளும் பூசிய துணி, மடித்த இடத்தில் வெடிக்கும். காளஹஸ்திக் கலம்காரி பேனாவால் வரைவது. கோட்டின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும், கடுக்காய், பால் வாசனை லேசாக இருக்கும். ஒரே பூ அச்சுப்பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தால் அச்சுக்கட்டை வேலை. அதுவும் மசூலிப்பட்டினத்து மரபுதான், விலை மட்டும் அதற்குத் தக்கதாக இருக்கட்டும்.

பேரம் பற்றி. "எஷ்டு?" என்று கேட்டால் கன்னடத்தில் விலை கேட்டதாகும், தமிழ்நாட்டிலிருந்தும் ஓவியர்கள் வருவதால் பல இடங்களில் தமிழே போதும். காய்கறிக்குப் பேசுவதுபோல் பாதி விலையில் தொடங்காதீர்கள். அளவு, பொருள், எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள். பதில் விரிவாக வரும், அந்தப் பேச்சிலேயே விலை நியாயமா என்று தெரிந்துவிடும். யார் வரைந்தது என்று தெரியாமல் திணறுகிறவர் வாங்கி விற்பவர். இரண்டு படம் எடுத்தால் குறைப்பீர்களா, ஃப்ரேம் இல்லாமல் என்ன விலை என்று கேட்பதில் தவறில்லை. மாலை 6 மணிக்கு மேல் பலர் விலை இறக்குவார்கள், பெரிய படங்களைத் திரும்பத் தூக்கிப்போவது செலவு என்பதால். ஆனால் நல்லவை அதற்குள் போயிருக்கும். உங்களுக்குக் குழந்தையும் அம்மாவும் இருப்பதால் மாலைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பேன்.

15,000 ரூபாயை இப்படிப் பிரிக்கலாம்: தஞ்சாவூருக்கு 8,000 வரை, ஹாலுக்கு 4,000, ஊரில் ஃப்ரேமுக்கும் வழிச்செலவுக்கும் மீதி. ஃப்ரேம் செலவை மறந்துவிட்டு முழுப்பணத்தையும் படத்தில் போட்டவர்களின் ஓவியங்கள் பீரோவுக்குப் பின்னால் கிடக்கின்றன. பாதியையாவது ரொக்கமாக வைத்திருங்கள். அவ்வளவு கூட்டத்தில் நெட்வொர்க் திணறி யுபிஐ சுற்றிக்கொண்டே இருக்கும். வாங்கியதும் ஓவியரின் பெயர், படத்தின் தலைப்பு, ஆண்டு, அளவு, பொருள் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். தஞ்சாவூர் என்றால் '22 காரட் ரேக்கு' என்று அவர் கையால் எழுதட்டும். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

மகளுக்கு: உட்காரவைத்து உருவம் வரைந்து தரும் ஓவியர்கள் வரிசையாக இருப்பார்கள். சில நூறு ரூபாய். காலையிலேயே முடித்துவிடுங்கள், மதியம் வரிசை நீளும், அசையாமல் உட்கார அவளுக்கும் பொறுமை இருக்காது. கையில் ஒரு ஸ்கெட்ச் புத்தகம் கொடுத்தால் நடுநடுவே அவளும் வரைவாள். பல ஓவியர்கள் கேட்டுவந்து பார்ப்பார்கள்.

கட்டிக் கொண்டுவருவது. ஊரிலிருந்தே எடுத்துவர வேண்டியவை: பட்டர் பேப்பர், இரண்டு பெரிய அட்டைப்பெட்டியை வெட்டிய தகடுகள், பபிள் ஷீட், மாஸ்கிங் டேப், சணல் கயிறு, அளவு நாடா. படத்தின் முகத்தில் முதலில் பட்டர் பேப்பர். பபிள் ஷீட்டின் குமிழ்ப்பக்கம் வெளியே பார்க்கவேண்டும். குமிழ் வண்ணத்தில் பட்டால் வட்டவட்டமாகத் தடம் விழும், பிறகு போகாது. முன்னும் பின்னும் அட்டைத் தகடு, நான்கு மூலைக்கும் மடித்த அட்டை. கண்ணாடி இருந்தால் அதன்மேல் மாஸ்கிங் டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டுங்கள். உடைந்தாலும் சில்லு ஓவியத்தில் விழாது. கேன்வாஸைச் சுருட்டவேண்டி வந்தால் வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி, குறைந்தது 4 அங்குல விட்டமுள்ள குழாயில். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நசுங்கிச் சுருங்கும், விரிக்கும்போது வெடிக்கும். தஞ்சாவூரை எந்த நிலையிலும் வளைக்கவோ படுக்கவைத்து மேலே பை வைக்கவோ கூடாது. செங்குத்தாக, இரண்டு சீட்டுக்கு நடுவே அல்லது காலடியில். பஸ்ஸின் அடிப்பெட்டி வேண்டவே வேண்டாம்.

18 × 14 அங்குலத்துக்கு மேல் போனால், ஃப்ரேமும் சேர்ந்து இரண்டு பக்கமும் சில அங்குலம் கூடும். மெட்ரோவில் பெரிய பொட்டலங்களுக்கு அளவுக் கட்டுப்பாடு உண்டு. அப்படியென்றால் திரும்பும்போது ஆட்டோவிலோ வாடகைக் காரிலோ நேராக பஸ் ஏறும் இடத்துக்குப் போய்விடுங்கள். ஞாயிறு மாலை ஓசூர் ரோடு நெரியும். 3 மணிக்குள் கிளம்பினால் குழந்தை தூங்குவதற்குள் சேலம்.

வீட்டில் மாட்டும்போது: மழைநீர் அடிக்கும் வெளிச்சுவர், குளியலறைச் சுவர் இரண்டும் ஆகாது. ஃப்ரேமின் பின்பக்கக் கீழ்மூலைகளில் சின்ன ரப்பர் பொத்தான் இரண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். கனமான படத்துக்கு ஒரே ஆணி போதாது, இரண்டு கொக்கி. பூஜை அறையில் விளக்குக்கு நேர் மேலே வைக்காதீர்கள், புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் கண்ணாடியின் இடுக்கு வழியே போகும். பொட்டையும் சந்தனத்தையும் கண்ணாடியின்மேல் வையுங்கள், ஆனால் வெள்ளிக்கிழமை துடைக்கும்போது ஈரத்துணியைப் பிழிந்து, கண்ணாடியின் நடுவில் மட்டும். தண்ணீர் வழிந்து ஃப்ரேமின் கீழ்விளிம்புக்குள் இறங்கினால், மக்கு முதலில் இளகத் தொடங்குவது அங்கேதான்.